சுவரில் ஒட்டிய பாட்டு

கிடங்கில் எல்லோரும் அவனை ஜெட் என்றுதான் கூப்பிட்டார்கள். கையில் ஸ்கேனரும் காலில் ரப்பர் ஷூவுமாக இரும்பு அடுக்குகளுக்கு நடுவே அவன் போகிற வேகத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர். ஸ்கேனரின் சின்னத் திரையில் வரிசை, அடுக்கு, தட்டு என்று எண்கள் வரும். அந்த இடத்துக்குப் போய்ப் பொருளை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்கு ஓட வேண்டும். எடுத்தது ஷாம்பூவா, சைக்கிள் பெடலா என்று பார்க்கத் தேவையில்லை. பார்க்கிறவர்கள் பின்தங்கிப் போனார்கள். ஜெட் பார்ப்பதில்லை.

அதனால்தான், பேஸ் கிட்டார் தனக்கு ஒரு பெரிய விஷயமாக இருக்காது என்று அவன் நினைத்துவிட்டான்.

அவன் மனைவிக்குக் கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. "அடுத்தது யாருங்க, சொட்டு மருந்து போட்டாச்சா, கண்ணை மூடிட்டு உக்காருங்க" என்று பகலெல்லாம் தணித்தே வைத்திருந்த குரலை வாரத்தில் ஒரு மாலை மட்டும் திறந்து பாடுவாள். அவளுடைய அண்ணன் ஏசி மெக்கானிக், கிட்டார் வாசிப்பார். சலூன் வைத்திருக்கும் அவருடைய நண்பர் டிரம்ஸ். பேஸ் வாசித்துக்கொண்டிருந்த இளைஞன் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். குழுவுக்குச் சொந்தமான பேஸ் கிட்டார் மட்டும் சலூன் மூலையில், முடி வெட்டும்போது போர்த்துகிற துணியைப் போர்த்திக்கொண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் ஒரு செய்தியோடு வந்தார். ஒரு உணவகத்தில் மாடியைப் புதிதாகத் திறந்திருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் மாலையில் பாட ஆள் வேண்டும். மாதக் கடைசியில் மேனேஜர் நேரில் ஆறு பாட்டு கேட்டுவிட்டு முடிவு சொல்வார்.

"ஆனா பேஸ் இல்லாமப் போய் நின்னா உப்பில்லாத சோறு மாதிரி இருக்கும்," என்றார் மச்சான். "ஆள் தேடிப் பாத்துட்டேன், யாரும் சிக்கல. இந்தத் தடவை வேண்டாம்னு சொல்லிடலாமா?"

மனைவி துடைத்து வைத்த தட்டை எடுத்து மறுபடி துடைத்தாள். கல்யாணமான பிறகு அவளுக்கென்று வந்த முதல் அழைப்பு அது. அதற்கு முன் பாடியதெல்லாம் யாருடைய பிறந்த நாளுக்கோ, யாருடைய பிரிவு உபசாரத்துக்கோ, கேட்பவர்கள் தட்டில் கவனமாக இருந்தபோது பாடியவை.

"நான் வாசிக்கிறேன்," என்றான் ஜெட்.

மச்சான் டீயை உறிஞ்சுவதை நிறுத்தினார். "மாப்ளே, பிறந்த நாள் பாட்டுக்கே நீங்க ரெண்டு வரி முன்னாடி முடிச்சிட்டு கத்தியை எடுத்துடுவீங்க."

"ஆறு பாட்டுதானே மச்சான்?"

"ஆறு பாட்டுதானேயாம். கேட்டியாம்மா?"

அவள் கேட்டாள். சிரிக்கவில்லை. மச்சான் போன பிறகு, "நிஜமாத்தான் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றான். அதோடு மாட்டிக்கொண்டான்.

ஊரை விட்டுப் போன இளைஞன் ஆறு பாட்டுக்கும் டேப் தட்டச்சு செய்து போனில் அனுப்பினான். டேப் என்பது பார்க்க எளிமையானது. நான்கு படுக்கைக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு கம்பி. கோட்டின் மேல் எண்கள். அந்தக் கம்பியில் எத்தனையாவது கட்டத்தில் விரலை அழுத்த வேண்டும் என்பதை எண் சொல்லும். பூஜ்யம் என்றால் அழுத்தாமல் மீட்டினால் போதும். சுரம் தெரிய வேண்டாம், ராகம் தெரிய வேண்டாம், இடம் தெரிந்தால் போதும். ஜெட்டுக்கு உற்சாகமாகிவிட்டது. "இதைத்தானே நான் தினம் பண்ணிக்கிட்டிருக்கேன்," என்று மனைவியிடம் காட்டினான்.

முதல் எரிச்சல் போனிலேயே காத்திருந்தது. திரை அகலம் போதாமல் கோடுகள் மடிந்து விழுந்தன. மூன்றாம் கம்பியின் எண் முதல் கம்பியின் வாலில் போய் ஒட்டிக்கொண்டது. போனைப் படுக்கப் போட்டால் எழுத்து எறும்பாகியது. பெரிதாக்கினால் பாதி காணாமல் போனது. மூன்று மாலைகள் இதிலேயே போயின. நான்காம் நாள் கிடங்கில், ஈரம் பட்டு ஓரம் நசுங்கிப்போன ஸ்டிக்கர் ரோல் ஒன்றைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கினான். பார்சலில் முகவரி அடித்து ஒட்டுகிற அந்த ரோலில் ஒவ்வொரு பாட்டையும் மடிப்பே இல்லாமல் ஒரே நீளமாக அடித்தான். வீட்டுக்கு வந்து படுக்கையறைச் சுவரில், கதவு நிலையில் தொடங்கி, அலமாரியின் பக்கவாட்டைத் தாண்டி ஜன்னல் வரைக்கும் ஒட்டினான். ஆறு பாட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு வெள்ளைப் பட்டைகள்.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "வாடகை வீடுங்க. உரிக்கும்போது பெயின்ட்டும் சேந்து வரும்."

"வந்தா நான் அடிச்சுக் குடுக்கறேன்."

"எதை, பெயின்ட்டையா பாட்டையா?"

நின்ற இடத்திலிருந்து எண்கள் தெரியவில்லை. எனவே கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுவரோரமாக நடந்தபடியே வாசித்தான். கதவில் தொடங்குவான், ஜன்னலில் முடிப்பான், திரும்பி வந்து அடுத்த பட்டையில் தொடங்குவான். பேஸின் கம்பிகள் சாதாரண கிட்டார் கம்பி போல் இல்லை. துணி காயப்போடுகிற கொடிக்கம்பியின் தடிமன். அழுத்தி அழுத்தி இடது கை விரல் நுனிகள் கன்றிப் போயின. சரியாக அழுந்தாத இடத்தில் சத்தம் வராமல், பாட்டிலுக்குள் ஈ மாட்டிக்கொண்டது போல் கிர்ரென்றது. சுண்டு விரல் சொன்ன இடத்துக்குப் போகவே இல்லை. போனால் மோதிர விரலையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனது. கிடங்கில் ஸ்கேனர் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் வலி முழங்கை வரை ஏறியது.

ஆனால் எண்களை மனப்பாடம் செய்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை. இரண்டாம் வாரத்தில் ஆறு பாட்டும் சுவரைப் பார்க்காமலே வந்தன. ஒரு எண் தப்பாது. ஒரு நாள் சாயங்காலம் எல்லாப் பாட்டையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, துவைத்த துணியை இயந்திரம் பிழிந்து முடிப்பதற்குள் தான் முடித்துவிட்டதை மனைவிக்குச் சுட்டிக்காட்டினான். அவள் துணிகளை உதறிக்கொண்டே, "அவ்வளவு சீக்கிரம் முடியற பாட்டு இல்லையே அதெல்லாம்," என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

ஒத்திகை சலூனில், கடை விடுமுறை நாளன்று நடந்தது. சுழல் நாற்காலிகளை ஓரம் தள்ளி, தலை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் டிரம்ஸைப் போட்டிருந்தார் சலூன்காரர். பவுடரும் ஷேவிங் நுரையும் கலந்த வாசனை. இரண்டு பக்கச் சுவரிலும் கண்ணாடி இருந்ததால், எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசையாக ஜெட்டுகள் கிட்டாரோடு நின்றார்கள்.

சலூன்காரர் குச்சியைத் தட்டி, "ஒன், டூ, த்ரீ, ஃபோர்," என்றார். ஜெட் த்ரீக்கே கிளம்பிவிட்டான்.

எண்கள் விரலிலிருந்து தானாகக் கொட்டின. மனைவியின் குரல் எங்கோ ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவன் தலையைத் தூக்கவில்லை. கடைசி எண்ணை மீட்டிவிட்டுக் கைகளைத் தொங்கவிட்டபோது அவள் இரண்டாம் சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தாள். மச்சானின் கிட்டார் நின்றது. டிரம்ஸ் நின்றது. அவள் இன்னும் அரை வரி பாடிவிட்டு நிறுத்தினாள்.

"என்ன தம்பி, இறங்கிட்டீங்களா?" என்றார் சலூன்காரர். "நாங்க இன்னும் வண்டியிலதான் இருக்கோம்."

"ஒரு எண்ணு விடல. எல்லாத்தையும் அடிச்சேன்," என்றான் ஜெட்.

"விடலதான். பக்கத்துல ஒரு பாட்டு போய்க்கிட்டிருந்துச்சே, அதைப் பாத்தீங்களா?" என்றார் மச்சான்.

மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் முந்தினான். மச்சான் தன் ஷூவை அவன் கால்மேல் வைத்துத் தாளத்துக்கு மிதித்தார். அப்போது கால் தாளத்தோடு போனது, கை தனியே போனது. மெதுவாகப் போகவேண்டும் என்று பல்லைக் கடித்தபோது எல்லோருக்கும் பின்னால் போய் நின்றான். ரயில் பாட்டு என்று அவர்கள் சொல்லும் வேகமான பாட்டில் மட்டும் தான் பிழைத்துவிடலாம் என்று நம்பியிருந்தான். அதில்தான் படுமோசம். இரண்டு தண்டவாளத்தில் இரண்டு ரயில்.

மச்சான் போனை எடுத்தார். "மாப்ளே, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல ஒரு ஆப் இருக்கு. பேஸ் அதுவே வாசிக்கும். நாலு பாட்டு போட்டுப் பாத்தேன். கனகச்சிதம்."

"இன்னும் நாள் இருக்குல்லண்ணா," என்றாள் மனைவி.

"உனக்காகத்தாம்மா சொல்றேன். அந்தாளு வர்றது உன் குரலைக் கேக்க. பின்னாடி தகர டப்பா படிக்கட்டுல உருண்டா உன் குரல் எங்கேருந்து கேக்கும்?"

"அடுத்த வாரம் வரைக்கும் பாக்கலாம்."

"அடுத்த வாரமும் இதேதான்னா?"

"பாக்கலாம்னு சொல்றேன்ல."

இருவரும் பேருந்து ஏறினார்கள். அவள் திட்டியிருந்தால் தேவலை. ஆப் போதும் என்று அவளே சொல்லியிருந்தால் கிட்டாரைச் சலூன் மூலையில் சாத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பான். அவள் தன் சனிக்கிழமையைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டு, பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எண் சரி, இடம் சரி. அப்படியானால் எழுதியதில் வேறு எதையோ படிக்காமல் விட்டிருக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது. சுவரின் அருகே போய்ப் பார்த்தான். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே சின்னச் சின்னக் கீற்றுகள் இருந்தன. சில இடத்தில் இரண்டு, சில இடத்தில் ஏழு. இதுதான் நேரக் கணக்காக இருக்க வேண்டும். இத்தனை நாள் காலித் தட்டு என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறான். அன்றிலிருந்து கீற்றுகளை எண்ணத் தொடங்கினான். போனில் டக்டக்கென்று தட்டும் ஒரு மெட்ரோனோமை வைத்துக்கொண்டு, ஒரு கீற்றுக்கு ஒரு தட்டு. ஐந்து, கீற்று, கீற்று, கீற்று, மூன்று. சாப்பிடும்போது எண்ணினான். கிடங்கில் அடுக்குகளுக்கு நடுவே நடக்கும்போது எண்ணினான். பேக்கிங் மேசை அக்கா, "என்னடா வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டே போறே, ஜெட்டுல என்ஜின் கோளாறா?" என்று கேட்டாள்.

அவ்வளவு எண்ணியும் சுவரிலிருந்து வந்தது பாட்டாக இல்லை. நொண்டியடிக்கிற ஒருவன் படி ஏறுவது போலிருந்தது. பொறுக்க முடியாமல் இளைஞனுக்கே போன் போட்டான்.

"சொல்லுங்கண்ணே, எப்படிப் போகுது?"

"தம்பி, நடுவுல கீற்று போட்டிருக்கியே, ஒரு கீற்றுக்கு எவ்வளவு நேரம்?"

"எந்தக் கீற்று?"

"எண்ணுக்கு நடுவுல. சின்னதா."

மறுமுனையில் சிரிப்பை அடக்குகிற சத்தம். "ஐயோ அண்ணே, அது சும்மா. எல்லா வரியும் ஒரே நீளமா இருக்கட்டும்னு தட்டினது."

"சும்மாவா?"

"பாக்க அழகா இருக்கும்ல."

"அப்ப நேரத்தை எங்க எழுதியிருக்கே?"

"எழுதலண்ணே. டேப்ல இடம் மட்டும்தான் எழுதுவோம். எவ்வளவு நேரம் நிக்கணும்ங்கிறது பாட்டைக் கேட்டா தெரிஞ்சுடும். தெரிஞ்ச பாட்டை ஞாபகப்படுத்திக்கத்தான் இது." அவன் குரலில் கொஞ்சம் வருத்தம் வந்தது. "நீங்க பாட்டைக் கேட்டுட்டுத்தானே ஆரம்பிச்சீங்க?"

ஜெட் போனை வைத்தான். கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் பார்த்தான். பிறகு ரயில் பாட்டின் நுனியை நகத்தால் கிளப்பி இழுத்தான். பட்டை வந்தது. கூடவே உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட்டும் வந்தது. அடுத்ததை இழுத்தான்.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். "சொன்னேன்ல," என்றாள்.

"பாட்டைக் கேக்கணுமாம்."

"கேளுங்களேன்."

"கேட்டா விரல் நின்னுடுது. விரலைப் பாத்தா பாட்டு ஓடிடுது. ரெண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்யறது?"

"நான் போன்ல ஒருத்தருக்குப் பதில் சொல்லிக்கிட்டே எதிர்ல நிக்கறவங்களுக்கு டோக்கன் கிழிச்சுக் குடுக்கறேன். நாள் பூரா."

"அது வேற."

"என்ன வேற?" அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. முதல் பாட்டுல நான் எங்க பாட ஆரம்பிக்கிறேன்?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "அலமாரி ஓரத்துல," என்றான்.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தாள். அது நின்றபோது முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது. எழுந்து சமையலறைக்குப் போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை. அவன் சுரண்டிய பெயின்ட் துகள்களைக் கையால் கூட்டி எடுத்தான். அலமாரி ஓரம் என்பது தவறான பதில் இல்லை. அங்கேதான் அவள் பாட ஆரம்பிப்பாள். ஆனால் எந்தச் சொல்லில், எந்த மூச்சில் என்று கேட்டிருந்தால் அவனிடம் பதில் இல்லை. அவள் பாடும்போது தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்துப் பார்த்தான். பெரும்பாலும் நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

மறுநாள் கிடங்கில் ஒரு சின்னச் சண்டை. புதிதாகச் சேர்ந்தவன் ஒருவன், தட்டில் நீல டார்ச் இல்லை என்று பச்சை டார்ச்சை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டான். பேக்கிங் அக்கா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லன்னா ஸ்கேனர்ல ஷார்ட்னு, சரக்கு இல்லன்னு போட்டுட்டுப் போக வேண்டியதுதானே? கையில கிடைச்சதை எதுக்குப் போடறே?"

"எண்ணிக்கை குறையுமேக்கா."

"குறைஞ்சா போன் பண்ணி எங்கன்னு கேப்பாங்க. கேக்காததை அனுப்பினா பொட்டியையே மூஞ்சில எறிவாங்க. எது பரவாயில்ல?"

இது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே சொல்லித் தருகிற விதி. ஜெட்டுக்குத் தெரியாததல்ல; வாசிப்புக்கும் அது பொருந்தும் என்பது அன்றுதான் உறைத்தது. அன்று சாப்பாட்டு இடைவேளையில், பையில் கிடந்த ஒரு உபரி ஸ்டிக்கர் பட்டையை எடுத்து மேசைமேல் விரித்தான். ஆறு பாட்டில் மெதுவானதன் டேப் அது. டேப்பில் சில எண்களுக்கு ஒரு முறை நெட்டுக்கோடு ஒன்று வரும். கீற்றுகள் பொய்யாக இருந்தாலும் நெட்டுக்கோடு பொய் இல்லை. கோட்டுக்குக் கோடு தாளத்தின் ஒரு சுற்று என்று மச்சான் சொல்லியிருந்தார். பெட்டிகளில் எழுதுகிற தடித்த மார்க்கரை எடுத்தான். ஒவ்வொரு நெட்டுக்கோட்டுக்கும் அடுத்து வரும் முதல் எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அடித்தான். பட்டை கறுப்பாகிவிட்டது. அடித்து முடித்தபோது தன் வீட்டுப் பொருளைத் தானே எரித்தது போலிருந்தது. விரல் கன்றிக் கற்றுக்கொண்ட எண்கள்.

குறைத்தால் சுலபமாகும் என்று நினைத்தது அடுத்த தவறு. ஒரு எண்ணை மீட்டிவிட்டு ஒரு சுற்று முழுக்க நிற்க வேண்டும். கை ஓடத் துடித்தது. சும்மா நிற்பவன் பெயரை மேற்பார்வையாளர் எழுதிக்கொள்கிற இடத்தில் பத்து வருடம் வேலை பார்த்த கை அது. மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்தபடி, பாதிக் குரலில் பாடினாள். அவன் முந்தும்போதெல்லாம் பாட்டை நிறுத்தாமலே, வரிக்கு நடுவில், "இல்ல," என்றாள்.

மீட்டினான்.

"இல்ல."

மீட்டினான்.

"இல்ல. இன்னும் மூச்சு கூட எடுக்கலங்க நான்."

"எடுத்துத் தொலையேன்."

"எடுக்கும்போதுதான் எடுப்பேன்."

அந்த "இல்ல" என்ற சொல்லையே அவனால் சகிக்க முடியாமல் போயிற்று. ஒரு மாலை கிட்டாரைக் கட்டில்மேல் போட்டுவிட்டுத் தெருவுக்கு இறங்கிப் போனான். பழுதான தெருவிளக்கு ஒன்றை ஏணி வைத்து மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதை வேடிக்கை பார்த்தான். திரும்பி வந்தபோது அவள் துணிகளை மடித்து முடித்துவிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். "முதல்லேருந்தா, சரணத்துலேருந்தா?" என்று கேட்டாள். முதலிலிருந்து என்றான். அந்த வாரக் கடைசியில் "இல்ல" குறைந்திருந்தது. நிற்கவில்லை; குறைந்திருந்தது.

இரண்டாம் ஒத்திகையில் மச்சான் ஒரு பாட்டு முழுக்கப் பொறுத்துப் பார்த்தார். "என்ன மாப்ளே, வாசிக்க வந்தீங்களா, கடைக்குக் காவல் இருக்கீங்களா?"

"விடுங்க, குறுக்கே வராம நிக்கறாரே," என்றார் சலூன்காரர். "எனக்கு அதுவே போதும்."

ஐந்து பாட்டு எப்படியோ ஒப்பேறின. ரயில் பாட்டு மட்டும் எத்தனை எண்ணை மார்க்கரால் அடித்து நீக்கினாலும் வசப்படவில்லை. அதில் நிற்க இடமே இல்லை. கடைசியில் அதை விட்டுவிடலாம் என்றாள் மனைவி. அதில்தான் மச்சான் தனியாக வாசிக்கிற நீண்ட பகுதி இருந்தது. அவர் கிட்டாரின் கம்பிகளைத் துணியால் துடைத்து உறையில் போட்டார். ஆப் பேச்சை எடுக்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை என்பது ஜெட்டுக்குப் புரிந்தது. அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மேனேஜர் சொன்ன நாளில், மதியத்துக்கும் மாலைக்கும் இடைப்பட்ட காலி நேரத்தில் போனார்கள். மாடியில் நாற்காலிகளை மேசைகள்மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பணியாளர் ஒருவர் கண்ணாடித் தம்ளர்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் ஒல்லியான மனிதர். இரண்டு கையிலும் ஒவ்வொரு போன். "ஆரம்பிங்க, நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்," என்று சுவரில் சாய்ந்து நின்றார்.

முதல் பாட்டில் ஜெட் இரண்டு இடத்தில் முந்தினான். மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் தோள் இறுகியதைப் பின்னாலிருந்து பார்த்தான். இரண்டாவதில் ஓர் எண் தவறான கம்பிக்குப் போயிற்று. சலூன்காரர் அந்த இடத்தில் டிரம்ஸின் பித்தளைத் தட்டைக் கொஞ்சம் பலமாக அடித்து அந்தத் தவறை மூடினார். கைகள் வியர்த்துக் கம்பியில் வழுக்கின. இந்த மனிதர் போதும் என்று சொல்லிவிட்டால், அவளுடைய சனிக்கிழமை அவனால்தான் போயிருக்கும்.

மூன்றாவது, மெதுவான பாட்டு. அவள் தொடங்கினாள். அவன் முதல் எண்ணை மீட்டிவிட்டு நின்றான். சுற்று முடிவதற்குக் காத்திருந்தபோது, அவள் மூச்சை உள்ளே இழுக்கும் சின்னச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எண் வர வேண்டும். வந்தது. அடுத்த மூச்சு. வந்தது. ஒரு சரணம் முழுக்க அவன் எதையும் எண்ணவில்லை. அவள் ஒரு சொல்லை வழக்கத்தை விட நீட்டினாள். அவன் விரலும் அந்தக் கம்பியை விடாமல் இருந்தது. மச்சான் நிமிர்ந்து பார்த்தார்.

சரியாக அப்போது மேனேஜரின் ஒரு போன் அடித்தது. அவர் படிக்கட்டுப் பக்கம் போய், "மீன் நாளைக்கு வந்தா எதுக்குய்யா எனக்கு, இன்னைக்கு வரணும்," என்று பேசத் தொடங்கினார். பாட்டு முடியும்போதுதான் திரும்பி வந்தார்.

மிச்சப் பாட்டுகளையும் வாசித்தார்கள். மேனேஜர் தலையாட்டினார்.

"குரல் நல்லாருக்குங்க மேடம். ரொம்ப நல்லாருக்கு. ஆனா இங்க இடத்தைப் பாக்கறீங்கல்ல? சாப்பிடறவங்க பேசணும், சர்வர் நடக்கணும். டிரம்ஸ் தாங்காது." அவர் பார்வை ஜெட்டிடம் வந்து, கிட்டாரின் நீளத்தை அளந்தது. "இந்தப் பெரிய கிட்டாரும் வேண்டாம், அடியில அதிருது. நீங்களும் அந்த கிட்டார் சாரும் மட்டும் வாங்க. அடுத்த சனிக்கிழமையே ஆரம்பிச்சுடலாம்."

சலூன்காரர்தான் முதலில் குச்சிகளைப் பைக்குள் போட்டார். "நல்லதாப் போச்சுங்க. சனிக்கிழமைதான் கடையில உக்கார இடமிருக்காது. எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன்."

மனைவி ஜெட்டைப் பார்த்தாள். பிறகு மேனேஜரிடம், "யோசிச்சுச் சொல்றோங்க," என்றாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் ஜெட். அவன் நினைத்ததை விடச் சத்தமாக வந்தது. "வர்றோம்னு சொல்லு."

"நீங்க யாரு சார், இவங்களுக்கு மேனேஜரா?" என்று கேட்டார் மேனேஜர்.

"வீட்டுக்காரர்," என்றாள் அவள். பிறகு, "வர்றோங்க," என்றாள்.

ஆம்ப்ளிஃபையரை அவனும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். குறுகலான படிக்கட்டு, திருப்பத்தில் அதைச் சாய்த்துத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. நடுப் படியில் மூச்சு வாங்க நின்றபோது மச்சான், "அந்த மெதுவான பாட்டுல நல்லா நின்னீங்க மாப்ளே," என்றார். கேலி இல்லை.

"ஆமா. அதைத்தான் அந்தாளு கேக்கல."

"எனக்குக் கேட்டுச்சு."

"நீங்க எனக்கு வேலை போட்டுக் குடுக்கப் போறீங்களா மச்சான்? திருப்புங்க, கை நழுவுது."

கீழே வந்ததும், பேஸைச் சலூனிலேயே வைத்துவிடலாமா என்று மச்சான் கேட்டார். யாராவது வந்தால் உதவும் என்றார். தன்னிடமே இருக்கட்டும் என்றான் ஜெட். அதைத் தோளில் மாட்டிக்கொண்டான். பேருந்தில் மனைவி அடுத்த சனிக்கிழமைக்கு எந்தப் பாட்டை முதலில் பாடுவது என்று அண்ணனோடு பேசிக்கொண்டே வந்தாள். பேசும்போது அவள் கைகள் அசைந்தன. அப்படி அசைந்து அவன் பார்த்து நாளாகியிருந்தது. அவனுக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு கோபம் இருந்தது. யார் மேல் என்று வைப்பது? மேனேஜர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இடம் உண்மையிலேயே சின்னது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாடு முடிந்ததும் அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டான். ரயில் பாட்டைப் போனில் முழுதாக ஒரு முறை ஓடவிட்டுக் கேட்டான். மறுபடி ஓடவிட்டான். பிறகு கூடவே வாசிக்கத் தொடங்கினான்.

அடுத்த அறையில் மனைவி மறுநாள் வேலைக்குப் போட வேண்டிய புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "அது எதுக்கு இப்ப?" என்று அங்கிருந்தே கேட்டாள். "அந்தப் பாட்டே இல்லையே இனிமே."

"வரல."

"வரலன்னா விடுங்களேன். யாரு கேக்கப் போறா?"

"வரலங்கிறேன்ல."

இஸ்திரிப் பெட்டியின் நீராவி சீறியது. அவன் இரண்டாம் வரியைத் தாண்டி, மூன்றாம் வரியின் திருப்பத்துக்குள் நுழைந்தான்.

"சீக்கிரம் வந்துட்டீங்க."

"தெரியும்," என்றான்.

அவள் சொல்வதற்கு முன்பே அது அவனுக்குக் கேட்டிருந்தது. அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. இதுவரை அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டிருந்தான்; இனிமேல் ஒவ்வொரு தப்பும் நேராக அவன் காதிலேயே வந்து விழும். பாட்டை நிறுத்தி, முதலிலிருந்து வைத்தான். இந்த முறை இரண்டாம் வரியிலேயே கேட்டது.